அரசுப் பள்ளிகளில் பாலியல் கல்வி: இந்தியச் சட்டங்கள் விதிக்கும் கடமைகளும் விடுபட்ட கடமையும்

ஆய்வுச்சுருக்கம்

பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டுமா, வேண்டாமா என்னும் விவாதம் இந்தியாவில் பெரும்பாலும் பண்பாட்டுத் தளத்திலேயே நிகழ்ந்து வருகிறது. சட்டம் இது குறித்து என்ன கூறுகிறது என்னும் வினா அவ்விவாதத்தில் போதிய இடம் பெறவில்லை. அரசமைப்புச் சட்டம், குழந்தைகளுக்கான கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் (போக்சோ), அதன்கீழ் அமைந்த 2020ஆம் ஆண்டு விதிகள், எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், அண்மைக்கால நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றைக் கொண்டு அரசுக்கும் பள்ளிக்கும் உள்ள கடமைகளை இக்கட்டுரை வரையறுக்க முயல்கிறது. பாடப்பொருளை உருவாக்கும் கடமை சட்டத்தில் உள்ளது. அதனை வகுப்பறையில் கற்பிக்கும் கடமை தெளிவாகச் சொல்லப்படவில்லை. இவ்விடைவெளியின் விளைவுகள் குழந்தையையும் ஆசிரியரையும் எவ்வாறு சென்றடைகின்றன என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: பாலியல் கல்வி, போக்சோ சட்டம், கல்வி உரிமைச் சட்டம், பாடத்திட்டம், ஆசிரியர் கடமை, வளரிளம் பருவம்.

முன்னுரை

ஒரு செயலைக் குற்றம் என்று அறிவிக்கும் அரசுக்கு, அச்செயல் குற்றம் என்பதை மக்கள் அறியச் செய்யும் பொறுப்பும் உண்டு. வளர்ந்தோர்க்கு இது பொது நெறி. குழந்தைகளைப் பொறுத்தவரை இதற்குக் கூடுதல் அழுத்தம் உண்டு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்று வரையறுக்கிறது. அவ்வயதிற்கு உட்பட்டவரின் இசைவைச் சட்டம் இசைவாகக் கருதுவதில்லை. பதினேழு வயது மாணவியும் பதினெட்டு வயது நிறைந்த மாணவனும் விரும்பிப் பழகினும் அம்மாணவன் கடுந்தண்டனைக்குரிய குற்றவாளியாகக் கூடும். இவ்வளவு கடுமையான சட்டம் தம் வாழ்வைச் சூழ்ந்திருப்பதைப் பள்ளி மாணவர்க்கு யார், எந்த வகுப்பில், எம்மொழியில் சொல்லவேண்டும் என்பதே இங்கு எழும் அடிப்படை வினா. பாலியல் கல்வி அறிவியல் பாடத்தின் ஒரு பகுதி மட்டுமன்று. சட்ட அறிவின் பகுதியும் ஆகும் என்பது இதனால் பெறப்படும்.

பெயரும் பொருளும்

இத்துறையில் ஒரே பொருளுக்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. பாலியல் கல்வி, பாலினக் கல்வி, வளரிளம் பருவக் கல்வி, வாழ்வியல் திறன் கல்வி, தனிநபர் பாதுகாப்புக் கல்வி, உடல்நலக் கல்வி என்பன அவற்றுட் சில. எதிர்ப்பு எழுந்தபொழுதெல்லாம் பெயரை மாற்றிப் பொருளைக் காக்கும் முயற்சி நிகழ்ந்துள்ளது. ஆயினும் சட்ட நோக்கில் இப்பெயர்கள் ஒன்றல்ல. பாதுகாப்புக் கல்வி என்பது தீங்கிலிருந்து காத்துக்கொள்வதைப் பற்றியது. பாலியல் கல்வி அதனையும் உள்ளடக்கி உடல் வளர்ச்சி, இனப்பெருக்கம், இசைவு, உறவுகளில் மதிப்பு, பாலினச் சமத்துவம், நோய்த்தடுப்பு ஆகியவற்றையும் தழுவியது. இந்தியச் சட்டங்கள் முன்னதைப் பற்றி ஓரளவு வெளிப்படையாகவும் பின்னதைப் பற்றி மறைமுகமாகவும் பேசுகின்றன. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே சட்ட ஏற்பாடுகளை அணுக வேண்டும்.

அரசமைப்புச் சட்டமும் கல்வி உரிமைச் சட்டமும்

1976ஆம் ஆண்டின் 42ஆம் அரசமைப்புத் திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றப்பட்டது. ஆகவே பாலியல் கல்வி குறித்து நாடாளுமன்றமும் மாநிலச் சட்டமன்றமும் சட்டம் இயற்றலாம். குழந்தைகள் நலமாகவும் மாண்புடனும் வளர்வதற்குரிய வாய்ப்புகளை அரசு அளிக்க வேண்டும் என்று உறுப்பு 39(எஃப்) நெறிப்படுத்துகிறது. 2002ஆம் ஆண்டின் 86ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட உறுப்பு 21ஏ ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது.

இவ்வுரிமைக்குச் செயல்வடிவம் தந்த 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் பிரிவு 29 பாடத்திட்டத்தைப் பற்றியது. அரசு அறிவிக்கும் கல்விசார் அமைப்பே பாடத்திட்டத்தை வகுக்க வேண்டும். அவ்வாறு வகுக்கும்பொழுது குழந்தையின் முழுமையான வளர்ச்சி, உடல் மன ஆற்றல்களின் நிறைவான மேம்பாடு ஆகியவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். அச்சம், அதிர்ச்சி, பதற்றம் ஆகியவற்றிலிருந்து குழந்தையை விடுவித்துத் தன் கருத்தைத் தடையின்றி வெளியிட உதவ வேண்டும். இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக அமைய வேண்டும் என்பன அப்பிரிவின் கூறுகள். பாலியல் கல்வி என்னும் சொல் இதில் இல்லை. எனினும் தன் உடலில் நிகழும் மாற்றத்தைக் கண்டு அஞ்சும் குழந்தையை அவ்வச்சத்திலிருந்து விடுவிப்பது இப்பிரிவின் நோக்கத்திற்கு உட்பட்டதே என வாதிட இடமுண்டு. இதன் வரம்பையும் குறிப்பிடல் வேண்டும். இச்சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான வளரிளம் பருவத்தினர் இதன் எல்லைக்குள் வருவதில்லை.

போக்சோ சட்டமும் 2020ஆம் ஆண்டு விதிகளும்

போக்சோ சட்டத்தின் பிரிவு 43 மத்திய, மாநில அரசுகளுக்கு இரு கடமைகளை விதிக்கிறது. தொலைக்காட்சி, வானொலி, அச்சு ஊடகம் ஆகியவற்றின் வழியாகப் பொதுமக்களும் குழந்தைகளும் பெற்றோரும் இச்சட்டத்தை அறியும் வண்ணம் சீரான இடைவெளிகளில் பரப்புரை செய்தல் ஒன்று. அரசு அலுவலர்க்கும் காவல்துறையினர்க்கும் அவ்வப்போது பயிற்சி அளித்தல் மற்றொன்று. இக்கடமைகள் உட்படச் சட்டத்தின் நடைமுறையைக் கண்காணிக்கும் பொறுப்பைப் பிரிவு 44 தேசிய, மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையங்களிடம் ஒப்படைக்கிறது.

2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகளில் விதி 3 இதனினும் முன்னேறிய ஒன்று. குழந்தைகளுக்குத் தனிநபர் பாதுகாப்பு குறித்து வயதிற்கேற்ற கல்விப் பொருளையும் பாடத்திட்டத்தையும் மத்திய, மாநில அரசுகள் உருவாக்க வேண்டும் என்று அது கூறுகிறது. உடல் அடையாளத்தையும் இணையவெளி அடையாளத்தையும் காத்தல், மனநலத்தைப் பேணல், பாலியல் குற்றங்களைத் தடுத்தல், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் உள்ளிட்ட முறையீட்டு வழிகள், பாலினச் சமத்துவ உணர்வு ஆகியவை அப்பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டியவை. குழந்தைகளோடு தொடர்புடைய நிறுவனங்கள் தம் பணியாளர்களின் பின்னணியைக் காவல்துறை வழியாகச் சரிபார்க்க வேண்டும் என்பதும், குழந்தைகளுக்கு எதிரான வன்முறையைச் சிறிதும் பொறுக்காத பாதுகாப்புக் கொள்கையை அரசுகள் வகுக்க வேண்டும் என்பதும் இவ்விதியின் பிற கூறுகள்.

இந்தியச் சட்டத்தொகுப்பில் பாடத்திட்டம் என்னும் சொல் பாலியல் பாதுகாப்போடு நேரடியாக இணைத்து ஆளப்பட்ட இடம் என்ற வகையில் இவ்விதி முதன்மையானது. ஆயின் அதன் வினைச்சொல்லைக் கூர்ந்து நோக்க வேண்டும். உருவாக்க வேண்டும் என்றே விதி கூறுகிறது. எந்த வகுப்பில் தொடங்குவது, ஆண்டுக்கு எத்தனை பாடவேளை ஒதுக்குவது, யார் கற்பிப்பது, கற்பிக்காத பள்ளியின்மீது என்ன நடவடிக்கை என்பவற்றை விதி கூறவில்லை. பாடப்பொருளை அச்சிட்டு அலமாரியில் வைத்த அரசும் விதியின் சொற்களை நிறைவேற்றியதாகக் கூறிக்கொள்ள இது வழிவிடுகிறது.

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017 இவ்வகையில் மற்றொரு சான்று. வயதிற்கேற்றனவும் பாலின உணர்வு கொண்டனவும் இழிவுபடுத்தாதனவும் பாகுபாடற்றனவுமான தகவல், கல்வி, தொடர்புத் திட்டங்களை அரசுகள் வகுக்க வேண்டும் என்று அச்சட்டம் பணிக்கிறது. ஆனால் அங்கும் பள்ளியின் கடமை தனித்துக் கூறப்படவில்லை.

கொள்கையின் ஏற்ற இறக்கம்

சட்டம் விட்ட இடைவெளியைக் கொள்கை ஆவணங்கள் நிரப்ப முயன்ற வரலாறு நிலையற்றது. 2005ஆம் ஆண்டில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் இணைந்து வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைத் தொடங்கின. அதன் பாடப்பொருளும் படங்களும் பண்பாட்டிற்கு ஒவ்வாதவை என்று எதிர்ப்பு எழுந்தது. 2007ஆம் ஆண்டையொட்டி மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம், இராஜஸ்தான் முதலிய மாநிலங்கள் அத்திட்டத்தைத் தடைசெய்தன அல்லது நிறுத்திவைத்தன. 2009ஆம் ஆண்டில் எம். வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்று பரிந்துரைத்தது.

தேசியக் கல்விக் கொள்கையின் 2019ஆம் ஆண்டு வரைவில் இடைநிலைப் பள்ளிகளுக்குப் பாலியல் கல்வி என்பது இசைவு, துன்புறுத்தல், பெண்களை மதித்தல் ஆகியவற்றோடு சேர்த்துக் குறிப்பிடப்பட்டிருந்தது. 2020இல் ஏற்கப்பட்ட இறுதி ஆவணத்தில் அச்சொல் இடம்பெறவில்லை. அதே ஆண்டில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ்த் தொடங்கப்பட்ட பள்ளி உடல்நலத் திட்டமோ, பதினொரு பொருண்மைகளுள் பாலினச் சமத்துவம், இனப்பெருக்க நலமும் எச்.ஐ.வி. தடுப்பும், வன்முறையிலிருந்து பாதுகாப்பு, இணையத்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துதல் ஆகியவற்றையும் சேர்த்தது. பள்ளிக்கு இரு ஆசிரியர்கள் உடல்நலத் தூதுவர்களாகப் பயிற்சி பெறுவது இத்திட்டத்தின் அமைப்பு. கல்விக் கொள்கையில் விடுபட்ட பொருள் உடல்நலத் திட்டத்தின் வழியாக வகுப்பறைக்குள் வந்தது எனலாம். எனினும் திட்டம் என்பது நிருவாக முடிவு. அரசு நினைத்தால் தொடரலாம், நிறுத்தலாம். மாணவர் ஒருவர் இதனை உரிமையாகக் கோர முடியாது.

தமிழ்நாட்டு நிலையையும் இங்கு நோக்கலாம். எட்டாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ‘வளரிளம் பருவமடைதல்’ என்னும் அலகு உள்ளது. பருவமடைதலின் உடற்கூறு மாற்றங்களை அறிய இது உதவுகிறது. ஆயினும் அறிவியல் பாடம் உறுப்புகளையும் சுரப்பிகளையும் விளக்கும் இயல்புடையது. மறுக்கும் உரிமை, முறையிடும் வழி, சட்டத்தின் வயது வரம்பு என்பன அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்வித்துறையின் 14417 ஆகிய உதவி எண்கள் பயன்பாட்டில் உள்ளன. எண்ணை அறிந்த குழந்தை, தனக்கு நேர்ந்ததைச் சொல்லவும் அறிந்திருந்தால்தான் அவ்வெண் பயன்தரும்.

நீதிமன்றங்களின் நோக்கு

இவ்விடைவெளியை நீதிமன்றங்கள் மூன்று வகையில் எதிர்கொண்டுள்ளன.

முதலாவது, கட்டளை. 2022 ஆகஸ்டில் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி பெச்சு குரியன் தாமஸ், பாலியல் வன்முறைத் தடுப்புக் கல்வியைப் பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதியாக்கும்படி மாநில அரசுக்கும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்திற்கும் ஆணையிட்டார். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் நடைமுறையிலுள்ள ‘எரின் சட்டம்’ இதற்கு முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்பட்டது.

இரண்டாவது, பொருள்விரிவு. பாலியல் சுரண்டலுக்குள்ளான குழந்தைகளின் படக்காட்சிகளைத் தரவிறக்கம் செய்து பார்ப்பது மட்டுமே குற்றமாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஜஸ்ட் ரைட்ஸ் ஃபார் சில்ட்ரன் அலையன்ஸ் என்னும் அமைப்பின் மேல்முறையீட்டில் 2024 செப்டம்பர் 23 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி ஜே.பி. பர்திவாலா ஆகியோரடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு அதனை விலக்கியது. பிரிவு 43, 44 ஆகியவை விதிக்கும் கடமை சட்டத்தைப் பற்றிய பரப்புரையோடு முடிந்துவிடுவதில்லை. முறையான பாலியல் கல்வியும் அதன்பாற்படும் என்னும் நோக்கில் அத்தீர்ப்பு அமைந்தது. பாலியல் கல்வி மேலை நாட்டுச் சிந்தனை என்றும் இளைஞரைத் தவறான வழியில் செலுத்தும் என்றும் நிலவும் எண்ணங்களைத் தீர்ப்பு மறுத்தது. ஜார்க்கண்டின் ‘உடான்’ திட்டத்தை நல்ல முன்மாதிரியாகக் காட்டியது. எனினும் விரிவான பாலியல் கல்விக்கு நிபுணர் குழு அமைப்பது பற்றிய பகுதி மத்திய அரசுக்கான ஆலோசனையாகவே அமைந்தது.

மூன்றாவது, அறிவுரை. 2025 அக்டோபரில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் தொடர்பான உத்தரப்பிரதேச வழக்கில் நீதிபதிகள் சஞ்சய் குமார், அலோக் ஆராதே ஆகியோரடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு, பாலியல் கல்வியை ஒன்பதாம் வகுப்பிலிருந்து தொடங்காமல் இளவயதிலேயே தொடங்க வேண்டும் என்று கருத்துரைத்தது. உரிய அதிகாரிகள் இது குறித்துச் சிந்தித்துத் திருத்த நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டது.

கட்டளை ஒரு மாநிலத்தில். ஆலோசனையும் அறிவுரையும் நாடு முழுமைக்கும். நீதிமன்றங்களின் போக்கு ஒரே திசையில் செல்வது தெளிவு. அப்போக்கு நாடு தழுவிய சட்டக் கடமையாக இன்னும் வடிவம் பெறவில்லை என்பதும் அதேயளவு தெளிவு.

பெற்றோர் உரிமை

கட்டாயப் பாலியல் கல்வி பெற்றோரின் ஒழுக்கநெறி உரிமையில் தலையிடுகிறது என்பது எதிர்ப்பாளர்களின் வலுவான வாதம். இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையே, தம் நம்பிக்கைக்கேற்பக் குழந்தைகளுக்குச் சமய, ஒழுக்கக் கல்வி அளிக்கும் பெற்றோரின் உரிமையை ஏற்கிறது. டென்மார்க்கின் அரசுப் பள்ளிகளில் கட்டாயமாக்கப்பட்ட பாலியல் கல்வியை எதிர்த்துப் பெற்றோர் சிலர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1976 டிசம்பரில் ஓர் அளவுகோலை வகுத்தது. தகவல் புறநிலையாகவும் ஆய்வுநோக்கோடும் பன்மைப் பார்வையோடும் வழங்கப்படும்வரை பெற்றோர் உரிமை மீறப்படுவதில்லை. குறிப்பிட்ட ஒரு நெறியை மாணவர் மனத்தில் திணிப்பதே கூடாது என்பது அதன் சாரம்.

இங்கிலாந்து வேறு வழியில் சமன்செய்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில் 2020 செப்டம்பர் முதல் தொடக்கப்பள்ளிகளில் உறவுகள் பற்றிய கல்வியும், இடைநிலைப் பள்ளிகளில் உறவுகளும் பாலியலும் பற்றிய கல்வியும் கட்டாயமாயின. பாலியல் பகுதியிலிருந்து தம் குழந்தையை விலக்கும்படி பெற்றோர் கோரலாம். பதினாறு வயது நிறைவதற்கு மூன்று பருவங்களுக்கு முன்பிருந்து, மாணவர் விரும்பினால் பள்ளி அக்கல்வியை அளித்தாக வேண்டும். உறவுகள் பற்றிய கல்வியிலிருந்து விலகும் உரிமை இல்லை. குழந்தையின் வயது கூடக்கூடப் பெற்றோர் உரிமை சுருங்கிக் குழந்தையின் உரிமை விரியும் இவ்வமைப்பு, இந்தியா 1992இல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் ‘வளர்ந்துவரும் ஆற்றல்’ என்னும் கோட்பாட்டோடு பொருந்துவதாகும். இந்தியாவில் கட்டாயமாக்கும் சட்டமும் இல்லை; விலகல் உரிமையை வரையறுக்கும் சட்டமும் இல்லை. ஆகவே எதிர்ப்பு எழும்பொழுது முழுத்திட்டமும் கைவிடப்படுகிறது.

ஆசிரியரின் சட்டநிலை

பிரிவு 19இன்படி, பாலியல் குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவரும் நிகழக்கூடும் என்று அஞ்சுபவரும் அதனைக் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் பிரிவு 21இன்கீழ் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். தம் கீழ்ப் பணிபுரிவோர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனத் தலைவர்க்கு ஓராண்டு வரை தண்டனை உண்டு. தெரிவிக்காமை குற்றம், கற்பிக்காமை குற்றமன்று. ஆசிரியரின் கடமை தீங்கு நேர்ந்த பின்னரே சட்டத்தின் பார்வைக்கு வருகிறது.

பாடம் நடத்தினால் தம்மீதே புகார் எழுமோ என்னும் அச்சத்தையும் சட்டநோக்கில் ஆராயலாம். போக்சோ பிரிவு 11இன்படி ஒரு சொல்லோ செய்கையோ பாலியல் துன்புறுத்தலாக வேண்டுமாயின் அதன் பின்னணியில் பாலியல் நோக்கம் இருத்தல் வேண்டும். ஆபாச வெளியீடுகளைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 294, அறிவியல், இலக்கியம், கலை, கற்றல் ஆகியவற்றின் பொருட்டுப் பொதுநன்மைக்கென அமைந்தவற்றுக்கு விலக்களிக்கிறது. ஏற்கப்பட்ட பாடநூலைக் கொண்டு வகுப்பறையில் நடத்தப்படும் பாடத்திற்கு இவை அரணாகும். ஆயினும் இவை வழக்கு வந்தபின் எடுத்துரைக்கும் வாதங்கள். அரசாணையால் ஒதுக்கப்பட்ட பாடவேளை ஒன்றே ஆசிரியர்க்கு முன்கூட்டிய பாதுகாப்பைத் தரவல்லது.

குழந்தையின் சொல்லே சான்று

போக்சோ சட்டத்தின் பிரிவு 26, குழந்தையின் வாக்குமூலத்தைக் குழந்தை சொன்னவாறே பதிவு செய்ய வேண்டும் என்கிறது. குழந்தை தரும் புகார் அக்குழந்தைக்கு விளங்கும் எளிய மொழியில் எழுதப்பட வேண்டும் என்பது பிரிவு 19இன் ஏற்பாடு. குழந்தையின் மொழிக்கு இந்த அளவு மதிப்பளிக்கும் சட்டம், அம்மொழி குழந்தையிடம் முன்பே உள்ளது என்று கருதிக்கொள்கிறது. உடலுறுப்புகளின் பெயர்களை வீட்டில் குறிப்புச் சொற்களாலும் பள்ளியில் மௌனத்தாலும் கடந்து வந்த குழந்தை, காவல் அலுவலர்முன் எச்சொல்லால் பேசும்? ‘அங்கே’ என்றும் ‘தப்பாக’ என்றும் மட்டுமே சொல்லத் தெரிந்த குழந்தையின் வாக்குமூலத்தில் தொடுதல் எது, ஊடுருவல் எது என்னும் வேறுபாடு தெளிவுபடாது. அவ்வேறுபாட்டின் அடிப்படையிலேயே குற்றத்தின் பிரிவும் தண்டனையும் அமைகின்றன. ஆகவே தமிழ்வழியில் பயிலும் குழந்தைக்கு இழிவுப்பொருள் ஏறாத, விளங்கும் சொற்களைத் தருவது மொழிப்பணியோடு நீதிக்கான முன்தேவையுமாகும். பாடநூல் வழக்கிலுள்ள கலைச்சொற்கள் குழந்தையின் வாயில் வழங்கத்தக்கனவா என்பது தமிழ் ஆய்வுலகம் மேற்கொள்ள வேண்டிய தனி ஆய்வு.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. பாலியல் கல்வியை இந்தியச் சட்டம் எங்கும் தடைசெய்யவில்லை. அதற்கான பாடப்பொருளை உருவாக்கும் கடமையை 2020ஆம் ஆண்டு விதிகள் அரசுகள்மீது சுமத்தியுள்ளன. கற்பிக்கும் கடமை, தொடங்கும் வகுப்பு, பாடவேளை, ஆசிரியர் பயிற்சி, பெற்றோரின் விலகல் உரிமையின் எல்லை ஆகிய ஐந்தும் சட்டத்தால் வரையறுக்கப்படவில்லை. கல்வி பொதுப்பட்டியலில் உள்ளமையால், மத்திய அரசின் முடிவுக்குக் காத்திராமல் மாநில அரசு தன் பாடத்திட்ட அமைப்பின் வழியாகவே இவ்வைந்தையும் வரையறுக்க இயலும். கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 29உம் போக்சோ விதி 3உம் அதற்குப் போதிய சட்ட அடிப்படையாகும்.

குற்றத்தை அறிந்து தெரிவிக்காதவரைத் தண்டிக்கும் சட்டம், தனக்கு நேர்ந்தது குற்றம் என்பதையே அறியாத குழந்தையின்பால் தன் முதற்கடமையை இன்னும் ஆற்றவில்லை. அக்கடமை வகுப்பறையில் தொடங்க வேண்டியது.